முறியாத கொக்கி

கிரேன் கொக்கி முறிந்து வெல்டர் சவரிமுத்து இறந்துவிட்டார் என்று காலையில் தகவல் வந்தது. முறிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது என் வேலை. உடைந்த துண்டுகளை ஒன்றாகப் பொருத்திவிடாதீர்கள் என்று போனிலேயே எச்சரித்தேன். கொக்கி செய்த இந்தப் புது உலோகம், உடைந்த இடத்தைப் பொருத்தி வைத்தால் புண்போல் ஆறிவிடும்.

நான் போனபோது கொக்கி முழுசாக இருந்தது. வழி சொல்லிக் கொடுத்ததே நான்தானோ?

"யார் சேர்த்து வச்சது?"

"உடையவே இல்லை மேடம். சவரிமுத்துதான் சுமையை ஒழுங்கா மாட்டல" என்றார் மேலாளர், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே சவரிமுத்துவின் மகள் நின்றாள். மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். கையில், இதே கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை தரும் கடிதம்.

"நான் அப்ளை பண்ணவே இல்ல மேடம். அப்பா உடம்பு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இது வந்துடுச்சு."