ஃபைபர் முட்டை

கல்குவாரிக்குச் சிவப்புச் சாயம் அடித்து வேற்றுக் கிரகமாக்கியிருந்தார்கள். அந்தக் கிரகத்துத் தாயாக, பச்சை ரப்பர் உடம்புக்குள் துணை நடிகை பவுனம்மாள் வெந்துகொண்டிருந்தாள். பூமியிலிருந்து ராக்கெட்டில் வந்திறங்கிய நாயகன் அவளைச் சுடுவான். அவள் விழுந்து, மடியிலிருக்கும் ஃபைபர் முட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாக வேண்டும். கதைப்படி, அந்தக் கிரகத்தில் மிஞ்சிய ஒரே முட்டை அது.

ஐந்தாவது டேக்கிலும் ஒழுங்காகத்தான் விழுந்தாள். முட்டையை மட்டும் விடவில்லை. நாயகன் இழுத்துப் பார்த்தான். பச்சை விரல்கள் அசையவேயில்லை.

"கட்! விட்டுத் தொலையேம்மா, அது என்ன உன் வீட்டு முட்டையா?" என்று கத்தினார் இயக்குநர்.

"என் வீட்டுக்குள்ள வந்துதானே சார் சுடுறாரு?" முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள். "சாகச் சொன்னா சாகுறேன். இதைக் குடுக்க மாட்டேன்."

"இவளை வெளியே அனுப்புங்கய்யா! ரப்பருக்குள்ள யார் இருந்தா என்ன?"

உடையைக் கழற்றி, அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலைக்கு வந்திருந்த செலினாவை உள்ளே நுழைத்து ஜிப்பை இழுத்தார்கள். சொன்னதைச் செய்கிற, வாயே திறக்காத பெண். பவுனம்மாள் போகவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஆக்‌ஷன்!"

நாயகன் சுட்டான். செலினா அழகாகச் சரிந்தாள். அவன் குனிந்து கையை நீட்டினான். உள்ளே பவுனம்மாளின் வியர்வை இன்னும் காயாத அந்தப் பச்சை விரல்கள், முட்டையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, இறுக மூடிக்கொண்டன.