இருபத்து நாலு அடி

"அவரு சொன்ன அளவப் போட்டுப் பாருங்கண்ணே. இருபத்து நாலு அடி," என்றாள் அகத்தா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மோரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

சுங்கை லாலாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மோரிஸுக்கு ரேடியோ பைத்தியம். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே ஜப்பான்காரனோடும் ஆஸ்திரேலியாக்காரனோடும் பேசுவார். எண்பத்தாறாம் வருஷம் பினாங்குக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வந்தார். புத்தகத்தைப் பார்த்து ஒரு புரோகிராமை ஒரு வாரம் உட்கார்ந்து தட்டி ஏற்றினார்.

ஏரியல் கம்பத்தின் உயரத்தைக் கொடுத்தால், நடுவதற்கு முன்பே அது எப்படி வேலை செய்யும் என்று அந்தப் புரோகிராம் சொல்லிவிடும். திரையில் வரும் எண் ஒன்றை ஒட்டி இருந்தால் ஏரியல் தங்கம். மூன்றைத் தாண்டினால் குப்பை.

அந்தக் கம்பத்தை வைத்துத்தான் மைத்துனன் வால்டரோடு தகராறு. வால்டர் அகத்தாவின் புருஷன். மோரிஸின் மனைவி பிரிஜெட்டுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"அத்தான், முப்பத்து மூணு அடிக் குழாய் எதுக்கு? இருபத்து நாலா வெட்டி, அடியில கம்பியக் காயிலாச் சுத்தி வச்சா போதும்லா," என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான்.

"கம்ப்யூட்டரே முப்பத்து மூணுன்னு சொல்லுது. நீ அதவிடப் பெரிய ஆளாடா? தூக்குடா குழாய," என்று மோரிஸ் அவன் வாயை அடைத்துவிட்டார்.

உண்மையில் இருபத்து நாலை அவர் போட்டுப் பார்க்கவே இல்லை. ஒரு கணக்குப் போட அந்தக் கம்ப்யூட்டருக்கு இருபது நிமிஷம் ஆகும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? மச்சான்காரன் சொல்லி நாம் கேட்பதா என்ற வீம்பு வேறு.

அன்றிலிருந்து பிரிஜெட் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை, அடுத்த வீட்டுச் சிகப்பி கொண்டுவந்து வைத்த சோறு மேசையில் ஆறிக் கிடந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அகத்தாவே நேரில் வந்துவிட்டாள்.

"நான் சண்டைக்கு வரலண்ணே. இருபத்து நாலு சரிப்படாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லட்டும். உங்க மேல தப்பில்லன்னு நான் பேசாமப் போயிடுறேன்."

மோரிஸ் இருபத்து நாலைத் தட்டினார். காயிலின் அளவையும் கொடுத்தார். கம்ப்யூட்டர் முனகத் தொடங்கியது. அகத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மூன்றுக்கு மேலே வரட்டும் மாதாவே, மூன்றுக்கு மேலே வரட்டும் என்று மோரிஸ் உள்ளுக்குள் மன்றாடினார். ஏரியல் கட்டுகிற எவனாவது இப்படி வேண்டுவானா? அவர் வேண்டினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

பிரிஜெட்டும் வந்து கதவோரம் நின்றாள். திரையில் எண் விழுந்தது. ஒன்று புள்ளி இரண்டு.

பொய் சொல்லிவிடலாம். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியாது. எண் ரொம்பக் குறைவு, உதவாது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். அவர் வாயைத் திறந்தார், பொய் வரவில்லை.

"இருபத்து நாலே போதும்மா," என்றார். "அவன் சொன்னதுதான் சரி."

அகத்தா அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

"போலீஸ் அளந்தாங்கண்ணே. உங்க குழாய் சாஞ்சு அவரக் கொன்னுச்சே, அந்தக் கரண்டுக் கம்பி, குழாய நட்ட எடத்துலருந்து இருபத்தெட்டு அடி தூரத்துலதான் இருக்கு."