ஆற்றுவழியே மூன்று வீடு

"'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா'ன்னு உங்க பிள்ளை கேட்டிருக்கார், அத்தை. கப்பல்ல வேலை அதிகமாம். அப்புறமா கூப்பிடறாராம்."

மருமகள் போனைக் கைப்பையில் போட்டு மூடினாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் செய்தி எந்தக் கப்பலிலிருந்தும் வரவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது மருமகள் யோசித்து வைத்துக்கொண்டது. அவள் கணவன் கடலில் விழுந்து இன்றோடு நாற்பத்தொரு நாள், உடல்கூடக் கிடைக்கவில்லை. மாமியாருக்கு இதய ஆபரேஷன் முடிந்த மறுநாள் அது நடந்தது. "அதிர்ச்சி தாங்க மாட்டாங்க. மூணு மாசத்துக்கு மூச்சு விடாதீங்க" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்தா மாமியாருக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கும் ஆசை வரவேண்டும்? "கார்னா குலுக்கும். படகுல மெதுவா போயிட்டு வரலாம்" என்று ஒரே அடம். ஆற்றோரமாக அவளுடைய அக்கா, தம்பி, தங்கை என்று மூன்று வீடு. மூன்று வீட்டுக்கும் விஷயம் தெரியும். யார் எப்போது உளறுவார்களோ என்று மருமகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் படகேறினாள்.

நல்லவேளை, எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்தாவது நிமிடம் மாமியார் எழுந்து போய்விடுவாள். அக்கா வீட்டில் தோட்டத்தைப் பார்க்கப் போனாள். தம்பி வீட்டில் குளிக்கப் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அந்த இடைவெளியில் மருமகள் எல்லோரையும் எச்சரித்துவிடுவாள். ஊரறிந்த ஓட்டை வாயரான தம்பிகூட, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

அக்காதான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அழுதுடும்மா. நெஞ்சு லேசாகும்."

"வேண்டாம் பெரியத்தை. கண்ணு வீங்கினா அத்தை கண்டுபிடிச்சுடுவாங்க."

நாற்பத்தொரு நாளாக அவள் அழவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கூட அழவில்லை. பொய் சொல்லிச் சொல்லி நாக்கு அலுத்திருந்தது. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

கடைசியாகத் தங்கை வீடு. "கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன்" என்று மாமியார் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கைக்காரி அழுது தீர்த்தாள். மருமகள்தான் தண்ணீர் கொடுத்து, முகத்தைக் கழுவச் சொல்லி, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் படகு திரும்பியது. அப்பாடா, இனிமேல் போக வேண்டிய வீடு இல்லை. ஒருவரும் உளறவில்லை. மருமகள் பலகையில் சாய்ந்து காலை நீட்டினாள். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது.

எதிரே இருந்த மாமியார் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் திருப்பி, கண்களை உற்றுப் பார்த்தாள்.

"என் தங்கச்சிகிட்டயும் நீ அழலையா? அதுக்காகத்தானேம்மா உன்னை வீடு வீடா கூட்டிட்டு வந்தேன்!"