தோள்மேல் ஒரு பிள்ளை

அச்சுக்கூடக்காரர் இறந்து நாற்பது வருடமாகியும், அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்ற பேச்சு மட்டும் சாகவில்லை. அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவருடைய மூத்த மகன் ரத்த உறவுகளைத் தேடித் தரும் ஒரு டி.என்.ஏ. சோதனை நிறுவனத்துக்குத் தன் எச்சிலையே அனுப்பினார்.

"முடிவு வரட்டும் மாப்பிள்ளே. அப்புறம் வாயைத் தைச்சுக்குங்க" என்று தங்கை கணவரிடம் சொல்லியும் வைத்தார்.

முடிவு வந்த அன்று தங்கைதான் திரையைப் பார்த்துப் படித்தாள்.

"அண்ணே, நமக்கு ஒரு தங்கச்சி இருக்காளாம். ஒரே அப்பா, வேற அம்மா."

"நான் வாயே திறக்கல மச்சான்" என்றார் தங்கை கணவர்.

"வயசு என்ன போட்டிருக்கு?"

"நாலு."

"நாப்பத்திநாலா இருக்கும். கண்ணாடியைப் போட்டுப் பாரு."

"போட்டுத்தான் இருக்கேன். நாலுதான்."

தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து அப்பாவின் இறப்புப் பதிவை எடுத்தார். தேதி சரியாக இருந்தது. உடலை அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. அன்று முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், அச்சு இயந்திரம் பாதி விரலைத் தின்ற அந்த இடது கையைப் பார்த்துத்தான் அவர் தலையாட்டியிருந்தார். அந்த இயந்திரத்திடம் விரலைக் கொடுத்தவர் அப்பா ஒருவர் மட்டுமல்ல.

தங்கை திரையில் அந்தப் புதுத் தங்கையின் விவரத்தோடு இருந்த படத்தைப் பெரிதாக்கினாள். யாரோ ஒருவரின் தோளில் உட்கார்ந்து ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கியவரின் முகம் படத்தில் விழவில்லை. அவளுடைய கணுக்கால்களைப் பிடித்திருந்த கைகள் மட்டும் தெரிந்தன. இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

தலைமையாசிரியர் நெடுநேரம் பார்த்தார்.

"உன்னையாவது அப்பா எப்பவாவது தோள்ல தூக்கினாரா?" என்று கேட்டார்.

தங்கை இல்லையென்று தலையசைத்தாள்.