காயாத மஞ்சள் கோடு

சாலவாக்கம் ரோட்டுத் தகரக் கொட்டகையில், கூரை ஓட்டைகளின் வழியாக மத்தியான வெயில் இளமதியின் பந்தயக் கார்மீது புள்ளி புள்ளியாக விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை கால் மைல் பந்தயத்தில் அதை ஓட்டப்போகிறவள் அவள்தான். மெக்கானிக் புருஷோத்தமன் பின்சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங்கின் உயரத்தைத் திருகித் திருகிச் சரிபார்க்கிறான். காலையில்தான் என்ஜினை இறக்கி உட்கார வைத்தான். அதைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டிலும் மஞ்சள் பெயின்டில் ஒவ்வொரு கோடு. இறுக்கி முடித்தபின்தான் அவன் கோடு போடுவான். போல்ட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "நாலையும் காத்தாலயே டைட் பண்ணிட்டேம்மா," என்கிறது அடியிலிருந்து குரல். இளமதி ஒவ்வொரு கோட்டையும் கட்டைவிரலால் தடவுகிறாள். மூன்று காய்ந்து கிடக்கின்றன. இடப்பக்கப் பின் போல்ட்டின் மஞ்சள் மட்டும் ஈரமாக விரலோடு வந்துவிடுகிறது. அது கழன்றால், கிளம்புகிற வேகத்தில் என்ஜின் பிய்த்துக்கொண்டு அவள் மடிக்கே வரும். ஞாயிற்றுக்கிழமை அவளை எதிர்த்துக் கார் ஓட்டப்போகிற வினோத்குமாரின் பைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இங்கே நின்றிருந்ததை டீக்கடையில் சொன்னார்கள். "வினோத்து இன்னாத்துக்குண்ணா வந்தான்?" "சும்மாதான்." விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறாள். "அண்ணா, ஒரு போல்ட்டு லூசா கீற மாதிரி கீது." ஸ்பானர் சத்தம் நிற்கிறது. புருஷோத்தமன் ஊர்ந்து வெளியே வருகிறான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் போல்ட்டு என்று கேட்கவும் இல்லை. நேராக இடப்பக்கம் போய், பின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டுகிறான்.