மூன்று கறைகள்

கிளமென்ட் துணியை விலக்கியதும் அவர் புதுப்பித்திருந்த அந்தப் பழைய வேக்குவம் கிளீனர் பட்டறைக்கே வெளிச்சம் கூட்டியது. கடல் பச்சை உடம்பு, முகம் தெரியும் நிக்கல் வளையம்.

"கம்பெனியிலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கும்மா. பழைய விளம்பரப் படத்தை வெச்சுப் பார்த்தாலும் ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்றார். கைரேகை படக்கூடாதென்று கையுறை போட்டிருந்தார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

சௌந்தரவல்லி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டெலிபோன் ஆபீஸ் சம்பளத்தில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பொருள். அன்று தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

"முன்னாடி மூணு கறை இருந்துச்சே, எங்க?"

"அதைப் போக்கத்தான் உயிரே போச்சு. என்னத்தைக் கொட்டினீங்க?"

"கொட்டலைங்க. வீட்டுக்கு வந்த அன்னிக்கு நான் வெச்ச பொட்டு. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அதே இடத்துலதான் வெப்பேன்." அவள் குரல் இறங்கியது. "அழகாத்தான் இருக்கு. ஆனா யார் வீட்டுதோ மாதிரி இருக்கு."

அவள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தாள். விரல் அந்தப் பச்சையை நெருங்கியது.

"இருங்கம்மா!"

அவள் கை அந்தரத்தில் நின்றது. கிளமென்ட் கையுறையைக் கழற்றினார். மெஷினைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படத்தைத் தன் போனில் தேடி, விரல்களால் பெரிதாக்கி, அவள் முன் நீட்டினார்.

"நடுப்பொட்டு இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."