இரண்டாம் எண் புட்டி

எலியின் மீசை துடித்தது.

அவள் ஸ்டாப்வாட்சை அழுத்தவில்லை. மீசை கணக்கில் சேராது. முன்னங்கால்கள் வெட்டி இழுக்க வேண்டும், உடல் பக்கவாட்டில் சாய வேண்டும். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக் கூடாது.

பார்ப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில், மகள் தாரணிக்கு வலிப்பு வந்ததை ஏழு வருடம் பார்த்தவள்.

சாய்ந்தது. அழுத்தினாள். நூற்று முப்பத்தொரு விநாடி.

கண்ணாடி ஜாடிக்குள் அந்த வெள்ளை எலி படுத்தபடியே காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. வாலில் மஞ்சள் மையால் மூன்று கோடு. பெயர் கிடையாது. பெயர் வைத்தால் வேலை ஓடாது.

இதோடு இருபத்து நான்கு எலிகளும் முடிந்தன.

பாதி எலிகளுக்கு முதலாம் எண் புட்டியிலிருந்து ஊசி, பாதிக்கு இரண்டாம் எண் புட்டியிலிருந்து. அரை மணி கழித்து எல்லாவற்றுக்கும் வலிப்பை வரவழைக்கும் மருந்து. ஒரு புட்டியில் வெறும் உப்புத் தண்ணீர். இன்னொன்றில், தலைவலிக்கு எந்தக் கடையில் கேட்டாலும் கிழித்துக் கொடுக்கிற அந்த மாத்திரையின் கரைசல். எதில் எது என்று ஊசி போடுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தன் ஆசைப்படி ஸ்டாப்வாட்சை அழுத்தும் என்பார் துறைத்தலைவர் சபாநாயகம். கலந்து வைத்தவர் அவர்தான். விடையை எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

முதல் புட்டி எலிகளுக்கு ஏறக்குறைய எழுபது விநாடியில் வலிப்பு வந்தது. இரண்டாம் புட்டி எலிகளுக்கு நூற்று முப்பதில்.

முதல் புட்டியில் மாத்திரை இருந்தால் அவள் பிழைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாரணி தலை வலிக்கிறதென்று அழுதாள். கணவன் தணிகைவேல் அந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து, தேக்கரண்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்தே விட்டான். பெற்றவன், பொறுக்கவில்லை. இவள்தான் கொடுக்க விடவில்லை. வலிப்பு வருகிற பிள்ளைக்குக் கண்டதையும் கொடுக்கக் கூடாது, மருந்து படித்தவள் நான் சொல்கிறேன் என்றாள். அவன் கரண்டியைத் தொட்டியில் கொட்டினான். பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனது.

நான்கு மணிக்கு வந்த வலிப்பு, பிள்ளை உயிர் போகிறவரை நிற்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இந்த ஆராய்ச்சியை அவள் எடுத்தது எதற்கென்று சபாநாயகத்துக்குத் தெரியாது. அந்த மாத்திரை வலிப்பைக் கிளப்பிவிடும் என்று எலிகள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. படித்தவள் நினைக்கக் கூடாத நினைப்பு. நினைத்தாள்.

சபாநாயகம் உறையைக் கிழித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். இரண்டாம் எண் புட்டிதான் மாத்திரை, வலிப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறது, இதைத் தாராளமாகக் கட்டுரையாக அனுப்பலாம் என்றார்.

அவள் தலையாட்டினாள். எண்களை மூன்று முறை சரிபார்த்தாள். எங்கேயும் தப்பு இல்லை. ஒரு தப்பாவது இருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஐந்து மணிக்குக் கல்லூரி வாசலில் தணிகைவேல் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், சொல்லாமலே விட்டாலும் யார் கேட்கப் போகிறார்கள். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் கொட்டிவிட்டாள். எந்த மாத்திரை, எதற்காக எடுத்தாள், என்ன முடிவு வந்தது, எல்லாம்.

அவன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினான். அவிழ்த்தான். மறுபடி இறுக்கினான்.

"எலிக்குத்தானே பார்த்த, கோதை. நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் பார்க்கலையே."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் தோளில் கை வைத்தாள். மன்னித்துவிட்டான் என்று தோன்றியது. அழுகை வந்தது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

மேம்பாலத்துக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினான்.

திரும்பாமலே கேட்டான்.

"மாத்திரையால எவ்வளவு நேரம் தள்ளிப்போச்சு?"

"ஒரு நிமிஷம்."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அவன் வண்டியை எடுக்கவில்லை.